பள்ளிக் குழந்தைகளின் பற்கள்: அரசுப் பணத்தை எந்த வழியில் போடுவது?

ஒரு நகராட்சியோ மாவட்ட நிர்வாகமோ பள்ளிக் குழந்தைகளின் பல் பராமரிப்புக்கென்று ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்க முன்வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை எப்படிச் செலவழிப்பது? பள்ளிக்குள்ளேயே சிகிச்சை அறை கட்டலாம். கருவிகளை வண்டியில் ஏற்றிப் பள்ளி பள்ளியாக அனுப்பலாம். குழந்தைகளைத் தனியார் பல் மருத்துவர்களிடம் அனுப்பி, கட்டணத்தை மட்டும் அரசு கட்டலாம். ஊருக்குப் பொதுவாக ஒரு குழந்தைகள் பல் மருத்துவமனை நடத்தலாம். இல்லையென்றால் வகுப்பறையில் பல் துலக்க வைப்பதிலேயே முழுப் பணத்தையும் போடலாம். இந்த ஐந்துமே உலகில் எங்கோ ஓரிடத்தில் பல ஆண்டுகளாக நடந்து வருபவைதான். ஒவ்வொன்றும் எங்கே கைகொடுத்தது, எங்கே கைவிட்டது என்பது தெரியும்.

இவற்றை ஒப்பிடும்போது தலைக்கு எவ்வளவு செலவு என்ற கணக்கில்தான் பேச்சு தொடங்கும். நான் முதலில் கேட்கும் கேள்வி வேறு. வராத குழந்தைக்கு யார் பொறுப்பு? பல் சொத்தை எல்லாக் குழந்தைகளிடமும் சமமாகப் பரவிக் கிடப்பதில்லை. ஒரு வகுப்பின் மொத்தச் சொத்தைப் பற்களில் பெரும்பங்கு சில குழந்தைகளின் வாயில்தான் இருக்கும். ஒப்புதல் படிவத்தைத் திருப்பித் தராதவர்கள், பரிசோதனை நாளில் விடுப்பில் இருப்பவர்கள், முகவரி மாறிக்கொண்டே இருப்பவர்கள் என்று பார்த்தால் பெரும்பாலும் அதே குழந்தைகள்தான். இவர்களை விட்டுவிட்டு மற்ற எல்லோரையும் நன்றாகக் கவனித்த திட்டம், புள்ளிவிவரத்தில் அழகாக இருக்கும். வலி இருந்த இடத்தில் அப்படியே இருக்கும்.

வலியின் அளவு சிறியதில்லை. உலக சுகாதார அமைப்பு 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் சுமார் 51 கோடிக் குழந்தைகளுக்குப் பால் பல்லில் சிகிச்சை பெறாத சொத்தை இருக்கிறது. இங்கிலாந்து போன்ற பணக்கார நாட்டிலேயே 5 முதல் 9 வயது வரையிலான குழந்தைகள் மருத்துவமனையில் சேர்க்கப்படுவதற்கு முதல் காரணமாகப் பல ஆண்டுகளாக இருந்து வருவது பல் சொத்தைதான். முழு மயக்கம் கொடுத்துப் பல் பிடுங்குகிறார்கள். ‘பால் பல்தானே, விழுந்துவிடும்’ என்று சொல்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பால் கடைவாய்ப்பல் கடைசியாக விழ 10 முதல் 12 வயது ஆகும். அதைச் சொத்தையால் 5, 6 வயதிலேயே பிடுங்கினால், பின்னால் முளைக்கும் நிரந்தரக் கடைவாய்ப்பல் அந்த இடத்துக்கு முன்னோக்கிச் சாயும். கீழிருந்து வரவேண்டிய பல்லுக்கு இடமிருக்காது. சில ஆண்டுகள் கழித்து அதே குழந்தை பல் நெருக்கத்தோடு கிளிப் போட வந்து நிற்கும். அதனால்தான் சொத்தைக்கான திட்டத்தையும் கிளிப்புக்கான திட்டத்தையும் தனித்தனி அறைகளில் உட்கார்ந்து முடிவு செய்யக் கூடாது என்கிறேன்.

முதலில் கழித்துவிட வேண்டிய ஒன்று

ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவர் பள்ளிக்கு வந்து, வரிசையில் நிற்கவைத்து வாயைப் பார்த்து, பெற்றோருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது. இது மலிவு, படம் எடுக்கவும் நன்றாக இருக்கும். ஆனால் இங்கிலாந்தின் வடமேற்குப் பகுதிப் பள்ளிகளில் நடந்த பெரிய சோதனையில், இப்படிப் பார்த்துவிட்டு அனுப்புவதால் குழந்தைகளின் சொத்தை குறையவில்லை என்று தெரியவந்தது. காரணம் எளிது. சீட்டைப் பார்த்ததும் மருத்துவரிடம் கூட்டிப்போகக்கூடிய வீடுகள் சீட்டு இல்லாமலும் கூட்டிப்போகும். சிகிச்சைக்கு நாள் குறிக்காத பரிசோதனைக்குப் பணம் ஒதுக்க வேண்டாம்.

வகுப்பறையில் தொடங்குவது

ஸ்காட்லாந்தின் ‘சைல்ட்ஸ்மைல்’ திட்டத்தில் முன்பருவப் பள்ளிகளில் குழந்தைகள் தினமும் ஆசிரியர் முன்னிலையில் ஃபுளோரைடு பற்பசையால் பல் துலக்குகிறார்கள். வறுமை மிகுந்த பகுதிகளில் தொடக்கப் பள்ளியின் முதல் இரண்டு வகுப்புகளிலும் இது தொடர்கிறது; அங்கே ஆண்டுக்கு இருமுறை ஃபுளோரைடு வார்னிஷும் (பல்லின் மேல் ஒட்டிக்கொள்ளும் பாதுகாப்புப் பூச்சு) பூசுகிறார்கள். முன்பருவப் பள்ளிகளில் துலக்குவதற்கு மட்டும் ஆண்டுக்குச் சுமார் 18 லட்சம் பவுண்டு செலவாகிறது என்று கணக்கிட்டார்கள். 5 வயதுக் குழந்தைகளின் பல் சிகிச்சைச் செலவு 2001-02இல் சுமார் 88 லட்சம் பவுண்டாக இருந்தது, 2009-10இல் சுமார் 47 லட்சமாக இறங்கியது. போட்ட பணத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் சில ஆண்டுகளிலேயே மிச்சமாகும் பொதுச் சுகாதாரத் திட்டங்கள் அதிகம் இல்லை. பிலிப்பைன்சில் இதையே இன்னும் எளிமையாக்கி, கை கழுவுதல், பல் துலக்குதல், குடற்புழு மாத்திரை மூன்றையும் சேர்த்துப் பள்ளியின் அன்றாட வேலையாக்கினார்கள். அங்கே பல் மருத்துவரே தேவைப்படவில்லை, ஆசிரியர் போதும்.

இந்த வழியின் பெரிய பலம், பள்ளிக்கு வரும் எந்தக் குழந்தையும் இதில் விடுபட முடியாது என்பது. வீட்டில் பிரஷ் இல்லாத குழந்தையும் ஒருவேளையாவது துலக்கிவிடுகிறது. பற்பசையில் குறைந்தது 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1000 பங்கு) ஃபுளோரைடு இருக்க வேண்டும். துலக்கியதும் நுரையைத் துப்பிவிட்டு வாய் கொப்பளிக்காமல் விட வேண்டும். இந்த இரண்டையும் கவனிக்காவிட்டால் பலன் பெருமளவு போய்விடும். இவ்வளவு சிறிய விஷயத்தைக்கூடத் திட்ட ஆவணங்களில் எழுத மறந்துவிடுகிறார்கள்.

குறை என்னவென்றால், ஏற்கெனவே குழி விழுந்த பல்லுக்கு இது எதுவும் செய்யாது. இரவெல்லாம் வலியில் தூங்காமல் வந்த 7 வயதுக் குழந்தையின் கையில் பிரஷைக் கொடுப்பது பதிலாகாது. ஆகவே இதை மட்டுமே செய்வது போதாது. ஆனால் மற்ற எந்த வழியைத் தேர்ந்தாலும் இது அடியில் இருக்க வேண்டும்.

பள்ளிக்குள் சிகிச்சை அறை

இந்த வழியில் அதிக தூரம் நடந்த நாடு நியூசிலாந்து. முதல் உலகப் போருக்கு ஆள் எடுத்தபோது இளைஞர்களின் பற்கள் எவ்வளவு மோசமாக இருந்தன என்று பார்த்து அதிர்ந்த அரசு, 1921இல் பள்ளிப் பல் சேவையைத் தொடங்கியது. பல் மருத்துவர்களுக்காகக் காத்திருக்காமல், இளம் பெண்களுக்கு இரண்டாண்டுப் பயிற்சி கொடுத்து, குழந்தைகளின் பல்லை அடைக்கவும் பிடுங்கவும் அனுமதித்தார்கள். மருத்துவர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு வந்தது. ஆனால் இன்று 50க்கும் மேற்பட்ட நாடுகளில் இப்படிப்பட்ட பல் சிகிச்சையாளர்கள் வேலை செய்கிறார்கள். குழந்தைகளுக்கான சாதாரண சிகிச்சையில் அவர்களின் தரம் மருத்துவர்களுடையதற்குக் குறைந்ததில்லை என்று திரும்பத் திரும்பக் காட்டப்பட்டிருக்கிறது.

குழந்தை வகுப்பிலிருந்து எழுந்து நடந்து போனால் நாற்காலி. பெற்றோர் வேலையை விட்டு வரவேண்டியதில்லை, பேருந்துச் செலவில்லை. நான் கேட்ட கேள்விக்கு இதைவிட நேரடியான பதில் கிடையாது.

ஆனால் நியூசிலாந்துக் குழந்தைகள் அந்த அறைக்கு வைத்த பெயர் ‘கொலை வீடு’. கால் மிதியால் ஓடும் துளைக்கருவி, மரத்துப்போகும் ஊசி போடாமலே துளைப்பது, சின்னக் கறைக்கும் அடைப்பு என்று பல தலைமுறைகளுக்கு அந்தப் பயம் ஒட்டிக்கொண்டது. இதற்கு அந்தப் பெண்களைக் குறை சொல்ல மாட்டேன். எத்தனை பல் அடைத்தோம் என்பதையே வேலையின் அளவாக வைத்த ஒரு முறையில், நல்ல கைகளும் தேவைக்கு மேல் துளைக்கும். பள்ளி அறை வழியைத் தேர்பவர்கள் முதல் நாளே தீர்மானிக்க வேண்டியது, எதை எண்ணப் போகிறோம் என்பதை. புதிதாகச் சொத்தை விழாத குழந்தைகளை எண்ணுங்கள்.

இன்னொரு சிக்கல் பராமரிப்பு. 100 குழந்தைகள் படிக்கும் பள்ளியில் ஒரு நாற்காலியும் கருவிகளைக் கிருமி நீக்கும் ஏற்பாடும் எக்ஸ்ரேயும் ஆண்டின் பெரும்பகுதி சும்மாவே கிடக்கும். நியூசிலாந்தே 2000களில் பழைய பள்ளி அறைகளில் பெரும்பாலானவற்றை மூடிவிட்டு, பல பள்ளிகளுக்குப் பொதுவான மையங்களுக்கும் நடமாடும் வண்டிகளுக்கும் மாறியது. பெரிய பள்ளி வளாகங்கள் உள்ள இடத்தில் மட்டும்தான் இந்த வழி இன்னும் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

வண்டி

ஊர்கள் சிதறிக் கிடக்கும் பகுதிக்கு வண்டி நல்லது. ஆனால் அதில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்ற தெளிவு வேண்டும். வார்னிஷ், பல்லின் பள்ளங்களை மூடும் சீலன்ட், சொத்தையைக் கறுப்பாக்கி நிறுத்தும் வெள்ளி டையமின் ஃபுளோரைடு, பல்லோடு தானே ஒட்டிக்கொள்ளும் கண்ணாடி அயனோமர் அடைப்பு ஆகியவற்றுக்கு வண்டி போதும். பலமுறை வரவேண்டிய சிகிச்சைக்கு வண்டி ஒத்துவராது. அடுத்த முறை எப்போது வரும் என்று குழந்தைக்குத் தெரியாது.

6 வயதில் முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல்லின் பள்ளங்களை சீலன்ட் வைத்து மூடுவதா, வார்னிஷ் பூசுவதா என்று திட்டமிடுபவர்கள் நிறையவே விவாதிக்கிறார்கள். தெற்கு வேல்ஸில் 6, 7 வயதுக் குழந்தைகள் 1,015 பேரை வைத்து நடமாடும் மருத்துவ வண்டிகளில் இதைச் சோதித்தார்கள். மூன்றாண்டு முடிவில் சீலன்ட் வைத்தவர்களில் 19.6 சதவீதம், ஆண்டுக்கு இருமுறை வார்னிஷ் பூசியவர்களில் 17.5 சதவீதம் பேருக்கு அந்தப் பற்களில் சொத்தை விழுந்திருந்தது. இந்த வேறுபாடு பொருட்படுத்தக்கூடியதில்லை. வார்னிஷின் செலவு சற்றுக் குறைவு. சீலன்ட் வைக்கும்போது பல் உலர்ந்திருக்க வேண்டும், நாற்காலி வேண்டும், விளக்கு வேண்டும். ஆனால் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் சில ஆண்டு நிற்கும். வார்னிஷை ஒரு மேசையோரத்தில் நின்றே பூசலாம், ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வரவேண்டும். உங்கள் வண்டி ஒழுங்காகத் திரும்பி வருமா என்பதைப் பொறுத்துத் தேர்ந்தெடுங்கள். நியூயார்க் பள்ளிகளில் நடந்த ஆய்வில் வெள்ளி டையமின் ஃபுளோரைடைப் பள்ளிச் செவிலியர்கள் பூசியபோதும் பல் மருத்துவப் பணியாளர்கள் பூசியபோதும் பலன் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. 2021இல் உலக சுகாதார அமைப்பு தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இதைச் சேர்த்திருக்கிறது. பல் கறுத்துப்போகும் என்பதைப் பெற்றோரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். முன்பல்லில் பூசுவதற்கு முன் பெற்றோரின் சம்மதத்தைத் தனியாகக் கேட்பது நல்லது.

பணத்தைக் கொடுத்துத் தனியாரிடம் அனுப்புவது

நிர்வாகத்துக்கு மிக எளிதான வழி இது. கட்டடம் வேண்டாம், ஆள் எடுக்க வேண்டாம். ஆஸ்திரேலியா 2014இல் தொடங்கிய குழந்தைகள் பல் நலத் திட்டம் இப்படிப்பட்டதுதான். அரசு உதவி பெறும் குடும்பங்களின் குழந்தைகளுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு 1,000 ஆஸ்திரேலிய டாலர் என்று அப்போது உச்சவரம்பு வைத்தார்கள். கிளிப் சிகிச்சை அதில் சேராது. பணம் தயாராக இருந்தும், தகுதியுள்ள குழந்தைகளில் பாதிப்பேர்கூட ஓராண்டில் அதைப் பயன்படுத்துவதில்லை.

இதில் ஆச்சரியமில்லை. தனியார் மருத்துவருக்குத் தன் நாற்காலியில் உட்காரும் குழந்தைதான் நோயாளி. வராத குழந்தையின் பெயரே அவரிடம் இருக்காது, தேடிப் போகவும் யாரும் அவருக்குப் பணம் தருவதில்லை. தவிர, மருத்துவர்கள் பெரும்பாலும் வசதியான பகுதிகளில்தான் இருக்கிறார்கள். பயன்படுத்தப்படாத பணம் ஆண்டு முடிவில் மிச்சம் என்று கணக்கில் வரும்போது, அதைச் சிக்கனம் என்று பாராட்டும் நிர்வாகிகளும் இருப்பார்கள். அது எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது. தனியாரை முழுக்க ஒதுக்கச் சொல்லவில்லை. ஏற்கெனவே மருத்துவர்கள் நிறைந்த நகரத்தில் வேர் சிகிச்சை, எக்ஸ்ரே போன்ற குறிப்பிட்ட வேலைகளை அவர்களிடம் வாங்கலாம். குழந்தைகளின் பட்டியல் மட்டும் அரசின் கையைவிட்டுப் போகக் கூடாது.

பட்டியல் வைத்திருக்கும் மருத்துவமனை

டென்மார்க்கில் 1972இல் நடைமுறைக்கு வந்த சட்டம், குழந்தைகளின் பல் பராமரிப்பை நகராட்சிகளின் கடமையாக்கியது. நகராட்சியின் மருத்துவமனையிடம் அந்த ஊரின் ஒவ்வொரு குழந்தையின் பெயரும் இருக்கிறது. அழைப்பு அங்கிருந்து போகிறது; வராவிட்டால் மறுபடியும் போகிறது. மருத்துவர், உதவியாளர், பல் சீரமைப்பு நிபுணர் எல்லோரும் ஒரே கூரையின்கீழ் சம்பளத்துக்கு வேலை செய்கிறார்கள். அதிகமாக அடைத்தால் அதிகப் பணம் என்ற தூண்டுதலே கிடையாது.

இந்த ஏற்பாடு எவ்வளவு நுட்பமாக வேலை செய்ய முடியும் என்பதற்கு அங்கே அப்போது தனி நகராட்சியாக இருந்த நெக்சோ நல்ல எடுத்துக்காட்டு. 1987இல் அவர்கள், எல்லாக் குழந்தைகளையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச்சொல்லும் வழக்கத்தை விட்டுவிட்டார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் அதன் நிலையைப் பார்த்து அடுத்த வருகையைக் குறித்தார்கள். கடைவாய்ப்பல் ஈறைப் பிளந்துகொண்டு மேலே வரும் மாதங்களில் அடிக்கடி வரச்சொன்னார்கள்; அப்போதுதான் அந்தப் பல்லுக்கு ஆபத்து அதிகம். பாதி முளைத்த பல்லைக் குறுக்காகத் துலக்கப் பெற்றோருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பல ஆண்டுகள் கழித்து, அந்த ஊரின் 18 வயதினர் நாட்டிலேயே மிகக் குறைந்த சொத்தை உள்ளவர்களின் வரிசையில் இருந்தார்கள். பட்டியலும் பொறுப்பும் ஒரே இடத்தில் இருந்ததால்தான் இது முடிந்தது.

குறைகள் உண்டு. முதல் செலவு அதிகம். ஆட்களைத் தக்கவைக்கத் தனியாருக்கு ஈடாக இல்லாவிட்டாலும் அருகிலாவது வரும் சம்பளம் வேண்டும். மருத்துவமனை பள்ளியிலிருந்து தொலைவில் இருந்தால், பள்ளி நேரத்தில் குழந்தைகளைக் கூட்டமாக அழைத்துவரும் ஏற்பாட்டையும் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கிளிப் யாருக்கு, யார் செலவில்?

இங்கேதான் வாக்குவாதம் சூடாகும். சொத்தையை அடைக்கக் கூடாது என்று யாரும் சொல்வதில்லை. பல் வரிசையைச் சரிசெய்ய அரசு ஏன் செலவழிக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அழகுக்காக மட்டும் என்றால் நானும் தயங்குவேன். ஆனால் மேல் முன்பற்கள் மிகவும் எத்திக்கொண்டிருக்கும் குழந்தை விழுந்தால் பல் உடையும் வாய்ப்பு அதிகம். ஈறுக்குள் சிக்கிய கோரைப்பல் பக்கத்துப் பல்லின் வேரைக் கரைத்துவிடும். பிளவுபட்ட அண்ணத்தோடு பிறந்த குழந்தைக்குச் சீரமைப்பு என்பது பேசவும் மெல்லவும் வேண்டிய சிகிச்சை. எத்துப்பல்லுக்காகப் பள்ளியில் தினமும் கேலிக்கு ஆளாகும் 12 வயதுப் பெண்ணின் துன்பத்தையும் சின்னதென்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

கோடு எங்கே போடுவது? இங்கிலாந்தில் 1989இல் உருவான சிகிச்சைத் தேவை அளவுகோலில் ஐந்து படிநிலைகள். நான்கும் ஐந்தும் என்றால் 18 வயதுக்குள் இலவசம். மூன்றாம் படியில் தோற்றத்துக்கான பத்துப் படங்களோடு ஒப்பிட்டு மோசமானவற்றைச் சேர்க்கிறார்கள். ஜெர்மனியும் 2002 முதல் இதுபோன்ற ஐந்து படிநிலைகளை வைத்திருக்கிறது. மூன்றிலிருந்து பொதுக் காப்பீடு செலவை ஏற்கும். சுவாரசியமாக, மேல் முன்பற்கள் எத்திக்கொண்டிருப்பதை அளக்கும்போது இரண்டு நாடுகளுமே முக்கியமான கோட்டை 6 மில்லிமீட்டரில்தான் போட்டிருக்கின்றன. இப்படி எழுதிவைத்த அளவுகோல் இல்லாவிட்டால், மருத்துவரிடம் நன்றாகப் பேசத் தெரிந்த பெற்றோரின் பிள்ளைகளுக்கே கிளிப் கிடைக்கும்.

ஜெர்மனியில் இன்னொன்றும் உண்டு. குடும்பம் 20 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும்; சிகிச்சையை முழுதாக முடித்தால் அது திரும்பக் கிடைக்கும். பாதியில் விட்டுவிடுவதைத் தடுக்க இது நல்ல யோசனைதான். நிலையான கிளிப் பெரும்பாலும் 18 முதல் 24 மாதம் வாயில் இருக்கும். சில வாரங்களுக்கு ஒருமுறை வரவேண்டும். இடையில் விட்டால் போட்ட பணமும் வீண், பல்லும் கெடும். ஆனால் முன்பணம் கட்ட வழியில்லாத குடும்பம் வாசலிலேயே நின்றுவிடும். அதனால் பணத்துக்குப் பதில் வேறு ஒரு நிபந்தனையை நான் விரும்புகிறேன். கிளிப் போடும் முன் சில மாதங்கள் பல்லை நன்றாகத் துலக்கிக் காட்ட வேண்டும், சொத்தைகள் அடைக்கப்பட்டிருக்க வேண்டும். துலக்காத வாயில் கிளிப் போட்டால், கழற்றும்போது பல்லில் அழியாத வெள்ளைத் தழும்புகள் இருக்கும். அப்புறம், துலக்கக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பும் திட்டத்துடையதாக இருக்க வேண்டும். குழந்தையை மட்டும் தகுதியற்றது என்று திருப்பி அனுப்பக் கூடாது.

சீக்கிரம் தொடங்கினால் நல்லதா? எத்துப்பல்லை 8, 9 வயதில் தொடங்கி இரண்டு கட்டமாகச் செய்வதாலும், 12 வயதுக்கு மேல் ஒரே கட்டமாகச் செய்வதாலும் இறுதி முடிவு ஏறத்தாழ ஒன்றுதான் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. சீக்கிரம் செய்தால் முன்பல் உடைவது குறையும். அந்த அளவே லாபம். ஆகவே பெரும்பாலோருக்கு ஒரே கட்டம் போதும். ஆனால் சீக்கிரம் பார்க்க வேண்டியவை சில உண்டு. 9, 10 வயதில் மேல் ஈறை விரலால் தடவிப் பார்த்தாலே கோரைப்பல் சரியான இடத்தில் இறங்குகிறதா என்று ஓரளவு தெரிந்துவிடும். திசை மாறியிருந்தால், பால் கோரைப்பல்லைப் பிடுங்கிவிடுவதாலேயே பல குழந்தைகளுக்கு அது தானாக வழிக்கு வந்துவிடும். அந்த வயதைத் தவறவிட்டால் அறுவைச் சிகிச்சையும் இரண்டாண்டுக் கிளிப்பும்தான். அதே வயதில்தான் இன்னொரு முடிவும் எடுக்க வேண்டியிருக்கும். காப்பாற்ற முடியாதபடி கெட்டுப்போன முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல்லை 8 முதல் 10 வயதுக்குள் திட்டமிட்டுப் பிடுங்கினால், இரண்டாம் கடைவாய்ப்பல் பெரும்பாலும் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இதற்குச் சீரமைப்பு நிபுணரின் கண் தேவை. வண்டியிலோ தனித்தனித் தனியார் அறைகளிலோ இந்தக் கண்ணை அந்த நேரத்தில் அங்கே கொண்டுவருவது கடினம். பொது மருத்துவமனை வழியை நான் விரும்புவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

பணம் கையில் எவ்வளவு?

முழுத் தொகையும் இருந்தால் என் தேர்வு இது. வகுப்பறையில் துலக்குவது எல்லோருக்கும். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டோடு இணைந்த குழந்தைகள் பட்டியலை வைத்திருக்கும் பொது மருத்துவமனை, அதில் சாதாரண வேலைகளுக்குப் பயிற்சி பெற்ற சிகிச்சையாளர்கள். வாரத்தில் குறிப்பிட்ட நாள்களில் வரும் சீரமைப்பு நிபுணர். கிளிப்புக்கு எழுதிவைத்த அளவுகோல். தொலைவான பள்ளிகளுக்கு அந்த மருத்துவமனையின் வண்டியே போகட்டும், தனி வண்டித் திட்டம் வேண்டாம்.

பாதித் தொகைதான் என்றால், கிளிப்பில் மிக மோசமான படிநிலைகளுக்கு மட்டும் செலவழியுங்கள், மருத்துவமனையை விடாதீர்கள். மிகக் குறைவாகத்தான் இருக்கிறது என்றால், வகுப்பறைத் துலக்கலோடு 6 வயதிலும் 12 வயதிலும் கடைவாய்ப்பல்லுக்கு வார்னிஷோ சீலன்டோ, குழி விழுந்தவற்றுக்கு வெள்ளி டையமின் ஃபுளோரைடு. இதற்குமேல் ஒன்றே ஒன்று சேர்க்க முடியுமென்றால், மூன்றாம் அல்லது நான்காம் வகுப்பில் ஒவ்வொரு குழந்தைக்கும் அந்தக் கோரைப்பல் பரிசோதனை. கையுறை போட்ட ஒரு விரலும் இரண்டு நிமிடமும் போதும், ஆனால் திசை மாறியிருந்தால் பால் பல்லைப் பிடுங்க ஒருவர் தயாராக இருக்க வேண்டும்.

கிளிப்புக்குப் பணம் ஒதுக்குபவர்கள், கழற்றிய பிறகு பல் பழைய இடத்துக்குத் திரும்பாமல் பிடித்துவைக்கும் ரிடெய்னருக்கும் சேர்த்து ஒதுக்க வேண்டும். இங்கிலாந்தில் ரிடெய்னர் போட்டவர்களைக் கண்காணிப்பது சிகிச்சை முடிந்து ஓராண்டு வரை மட்டுமே அரசுச் செலவில் நடக்கிறது. பற்களோ பல ஆண்டுகள் கழித்தும் நகரும். தொலைந்துபோன ரிடெய்னரை ஒருமுறையாவது இலவசமாக மாற்றிக் கொடுங்கள்.